சோற்றில் கை வைக்காதவர்கள்

ஜேர்மனிக்குப் போய்வந்த என்னைக் கண்டவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, அங்கே என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான். மகள் எப்படி இருக்கிறாள், பேரன் யாருடைய சாயல் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. கண்டிக்குப் பக்கத்தில் எங்கள் குண்டசாலைச் சந்தியில் மீன் விற்கிறவர்கூடச் சிங்களத்தில் அதைத்தான் கேட்டார். பக்கத்து வீட்டு ஐரின் கேட்டதோடு நிற்காமல் என் குசினிக்குள் வந்து அடுப்படி வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, படித்து ஆசிரியையாகி, எங்களுக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டவள். கதை கேட்க வந்தால் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் எழும்புவாள்.

“என்னக்கா இப்பிடி மெலிஞ்சு போயிட்டீங்க. அங்க சோறே கெடைக்கலையா?”

“மகளின்ரை வீட்டிலை சோறு. சம்பந்தி வீட்டிலை உருளைக்கிழங்கு.”

“காலையில?”

“பாண்.”

“ராவைக்கு?”

“அதுவும் பாண்தான். காலமைப் பாண் கொஞ்சம் சூடாயிருக்கும். இரவுப் பாண் கறுப்பு.”

ஐரின் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “அப்ப அடுப்பு எதுக்குக்கா வச்சிருக்காங்க?”

“மத்தியானத்துக்கு. மத்தியானம் பன்னிரண்டு அடிச்சால் சுடச்சுடச் சாப்பாடு. அதோடை அடுப்புக்கு லீவு.”

என் மகள் கஜாலினி ஹம் என்ற நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறாள். கணவன் மார்க்குஸ் அந்த ஊர்ப் பிள்ளை. அவளுடைய பிள்ளைப்பேற்றுக்கென்று வசந்தகாலத்தில் போன நான், பேரன் கழுத்தை நிமிர்த்திப் பார்க்கும்வரை நின்றுவிட்டுத்தான் வந்தேன். மார்க்குஸின் தாய் இங்கிரிட், தகப்பன் வேர்ணர். இருவரும் அடுத்த தெருவில். இங்கிரிட் தாதியாக வேலை பார்த்து ஓய்ந்தவள். பிள்ளை பெற்ற வீட்டில் இரண்டு வேளையும் அடுப்படியில் நிற்கக்கூடாது என்று அவள் சட்டம் போட்டுவிட்டதால், பின்னேரச் சாப்பாடு பெரும்பாலும் அவர்கள் வீட்டில்தான்.

சாப்பாடு என்று இப்போது சொல்கிறேன். முதல் நாள் அந்த மேசையைப் பார்த்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. தட்டுகள் இல்லை, ஆளுக்கொரு சிறிய மரப்பலகை. நடுவில் கறுப்புப் பாண், நாலைந்து விதச் சீஸ், மெல்லிசாகச் சீவிய இறைச்சி, ஊறுகாயாகப் போட்ட வெள்ளரிக்காய், தக்காளி, முள்ளங்கி. எல்லாமே குளிர்ந்துபோய் இருந்தன. சமைக்கத்தான் வெட்டி வைத்திருக்கிறார்கள், கறி இனிமேல் வரும் என்று நினைத்துப் பசியை அடக்கிக்கொண்டு இருந்தேன். கறி வரவில்லை. வேர்ணர் பாணை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து வெட்டிக் கொடுத்தார். அதற்கு வெண்ணெய் பூசி, சீஸ் வைத்து, முள்ளுக்கரண்டியும் கத்தியுமாக எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள்.

எனக்கு மனம் பொறுக்கவில்லை. சம்பந்தி முதன்முதலாக வீட்டுக்கு வந்தால் நாங்கள் என்ன பாடுபடுவோம். கோழி அடிக்காவிட்டாலும் அடுப்பாவது மூட்டுவோமே. என் பிள்ளையைக் கொடுத்த இடத்தில் எனக்கு இவ்வளவுதான் மதிப்பா என்று அன்றிரவு கஜாலினியிடம் குறைப்பட்டேன். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரிசிரியென்று சிரித்தாள்.

“அம்மா, அது அவையின்ரை வழமை. ராசா வந்தாலும் பின்னேரத்திலை பாண்தான்.”

பிறகு பிறகு எனக்கு அந்தப் பாண் பழகிவிட்டது. பல்லுக்கு வேலை வைத்தாலும், புளிப்பும் தானிய வாசமுமாக, மென்று கொண்டே போனால் ஒரு ருசி வரும். பழகாதவை வேறு இருந்தன. அரைத்த பன்றி இறைச்சியை வெங்காயத்தோடு பச்சையாகப் பாணில் பூசிச் சாப்பிடுவார்கள். வேர்ணர் அதை எனக்கு நேரே இருந்து சாப்பிட்ட அன்று நான் சன்னலுக்கு வெளியே அந்த வீட்டுப் பேரிக்காய் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் போன காலத்தில் ஷ்பார்கல் என்றொரு மரக்கறி வந்தது. வெள்ளை வெளேரென்று, முருங்கைக்காய் நீளத்தில் இருக்கும். அது வந்துவிட்டதென்றால் ஊருக்கே திருவிழா. தெருவோரத்தில் கொட்டில் போட்டு விற்பார்கள். தோலைச் சீவி, அவித்து, உருகின வெண்ணெயை மேலே ஊற்றிக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார்கள். நானும் கண்ணை மூடிப் பார்த்தேன். நோயாளிக்கு உப்பில்லாமல் சமைத்த முருங்கைக்காய் மாதிரி இருந்தது.

ஐரின் விழுந்து விழுந்து சிரித்தாள். “கேக்காவது தந்தாங்களா?”

கேக் கதையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கோப்பியும் கேக்கும் அங்கே கோயில் பூசை போல, தவறாது. இங்கிரிட் தன் கையால் பிளம்ஸ் பழம் அடுக்கிச் சுட்ட கேக் அது. முதல் துண்டு வாயில் கரைந்துபோனது. “இன்னொரு துண்டு?” என்று கேட்டாள். நான் முறைப்படி, “வேண்டாம், காணும்” என்றேன். காணும் என்றால் போதும் என்று ஐரினுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முதல் தரம் கேட்டவுடன் ஓம் என்று தட்டை நீட்டுகிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. இரண்டாம் தரம் கேட்பார்கள், மூன்றாம் தரம் தட்டிலேயே வைத்துவிடுவார்கள். இங்கிரிட் தலையை ஆட்டினாள், கேக்கை எடுத்தாள், குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். அங்கே ஒரு தரம்தான் கேட்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

“அடப் பாவமே,” என்றாள் ஐரின், உண்மையாகவே வருந்தி.

இவ்வளவையும் ஐரினுக்குச் சொன்னேன். ஒன்றைச் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

அந்த முதல் நாள், பாணைக் காண்பதற்கு முன், நான் இங்கிரிட்டின் குசினியில் நின்றேன். ஒருத்தி வேலை செய்ய இன்னொருத்தி கதிரையில் இருப்பது எனக்கு வராது. தொட்டியில் கிடந்த கிளாசுகளைக் கழுவத் தொடங்கியிருந்தேன். பின்னால் பேச்சுச் சத்தம் நின்றுபோயிற்று. திரும்பிப் பார்த்தால் எல்லோரும் மேசையில், கைகளை மடியில் வைத்தபடி அசையாமல் இருக்கிறார்கள். பிள்ளையோடு கஜாலினியும் அப்படியே. செபம் சொல்கிறார்கள் என்று நினைத்துக் குழாயைப் பூட்டிவிட்டு, நின்ற இடத்திலேயே கையைக் கூப்பித் தலையைக் குனிந்தேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. செபம் முடிகிற மாதிரித் தெரியவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அம்மா,” என்றாள் கஜாலினி, “உங்களுக்காகத்தான் பாத்துக்கொண்டிருக்கினம். வந்திருங்கோ.”

நான் போய் இருந்தேன். இங்கிரிட், “குட்டன் அப்பெட்டிட்” என்றாள். நல்லாய்ச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். எல்லோரும் அதைத் திருப்பிச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் வேர்ணர் பாணைத் தொட்டார். அன்று மட்டுமல்ல, ஒவ்வொரு நாளும் அப்படித்தான். நான் மாடியில் பிள்ளையின் துணி மடித்துக்கொண்டிருந்தாலும், ஞாயிறு மத்தியானச் சூப் ஆறிக்கொண்டிருந்தாலும், தோட்டத்தில் குத்தி முறிந்து பசியோடு வந்த வேர்ணர் கத்திப்பிடியைத் தடவிக்கொண்டு இருப்பாரே தவிர, நான் வந்து இருக்கும்வரை ஒரு துண்டு வெள்ளரிக்காய்கூட அவர் வாய்க்குள் போகாது. எனக்காக ஒரு மேசை காத்திருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பச்சை இறைச்சியும் ஷ்பார்கலும் எனக்கு மறந்துபோகலாம். அது மறக்காது.

இனி என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் தியாகராஜா. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். இருவரும் யாழ்ப்பாணம், அவருடைய வேலையோடு கண்டிக்கு வந்து, பிறகு இங்கேயே தங்கிவிட்டோம். நல்ல மனிதர். இதை நான் முகத்துக்காகச் சொல்லவில்லை. காலையில் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தருகிறவர் அவர். என் சமையலை ஒருநாளும் குறை சொன்னதில்லை. நானும் கல்வித் திணைக்களத்தில் வேலைக்குப் போனவள். நான் களைத்துவந்தால் கடையில் இடியப்பம் வாங்கிவருவார். ஆனால் அந்த இடியப்பத்தையும் நான் தட்டில் வைத்துக் கொடுக்க, அவர் சாப்பிட்டு முடித்து எழும்ப, அதற்குப் பிறகு குசினி வாங்கில் இருந்து நான் சாப்பிடுவேன். அவர் கை கழுவக் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டால் எனக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று அர்த்தம். யாரும் போட்ட சட்டமில்லை. என் தாய் அப்படி, அவருடைய தாய் அப்படி. அதில் எனக்கு ஒரு சுகமும் இருந்தது, ஏன் பொய் சொல்வான். மீன் தலையும் சட்டி அடியில் ஒட்டின குழம்பும் எனக்குத்தான்.

திரும்பிவந்த அன்று இரவு புட்டும் மீன் குழம்பும் வைத்தேன். அவர் ஆவலாகச் சாப்பிட்டார். “நீர் இல்லாமல் நாக்குச் செத்துப்போச்சு,” என்றார். பேச்சு அதிகம் வராத மனிதர். அது எனக்குப் பெரிய காரியம். குழாய்ச் சத்தம் கேட்டது. நான் வாங்கில் இருந்து புட்டைக் குழைத்தேன். வாய்க்குள் போகவில்லை. எத்தனையோ வருசம் இருந்து சாப்பிட்ட அதே வாங்கு, அன்றைக்கு மட்டும் எனக்குத் தனியாக இருந்தது.

அன்று எனக்குள் ஒரு ஆசை வந்தது. நான் வந்து இருக்கும்வரை இந்த மனிதர் சோற்றில் கை வைக்காமல் இருக்கவேண்டும். அவ்வளவுதான். வாயைத் திறந்து கேட்டால் மறுநாளே செய்வார், திணைக்களத்து உத்தரவை நிறைவேற்றுவதுபோல. எனக்கு அது வேண்டாம். நான் சொல்லாமல் நடக்கவேண்டும்.

சாடையாகச் செய்து பார்த்தேன். ஒருநாள் அவருக்குப் பரிமாறிவிட்டுக் குசினிக்குப் போகாமல் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அவர் வாயில் சோற்றோடு நிமிர்ந்து பார்த்து, “களைச்சுப் போனீர் போலை. போய்ப் படும். நான் போட்டுச் சாப்பிடுறன்,” என்றார், மிகவும் அன்பாக. அந்த அன்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது. இன்னொரு நாள் ஜேர்மன் கதையாகவே சொன்னேன்: அங்கே எல்லோரும் வந்து இருந்தால்தான் சாப்பாட்டில் கை வைப்பார்கள் என்று. “நல்ல பழக்கம்,” என்றார். “ஆனால் சூடு ஆறிப்போமே.” சொல்லிக்கொண்டே ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தோய்த்து வாயில் வைத்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

இப்படி இருக்கும்போதுதான் கஜாலினி தொலைபேசியில் சொன்னாள், இங்கிரிட்டும் வேர்ணரும் இலங்கையைச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள், கண்டியில் நிற்கும்போது ஒருநாள் மத்தியானம் எங்களிடம் வருவார்கள் என்று. பிள்ளை சிறிது என்பதால் மகளும் மருமகனும் வரவில்லை. என் கணவருக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. படலைக்குப் பெயின்ட் அடித்தார். முள்ளுக்கரண்டியும் கத்தியும் வாங்கிவந்தார். ஐரினிடம் பீங்கான் தட்டுகள் இரவல் வாங்கினோம். “அவை எங்களைப் பற்றி நல்லாய் நினைக்கவேணும், பிள்ளை இருக்கிற இடமெல்லோ,” என்று நாளுக்கு இரண்டு தரம் சொன்னார்.

பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். அதற்கு முன்பே வான் வந்து படலைக்கு வெளியே நின்றது, ஒருவரும் இறங்கவில்லை. பன்னிரண்டாகும்வரை உள்ளேயே இருந்துவிட்டுத்தான் இறங்கினார்கள். என் கணவர் மணிக்கூட்டைப் பார்த்து, “மனிசர் எண்டால் இப்பிடி இருக்கவேணும்,” என்று உருகிப்போனார். இங்கிரிட் “றஞ்சனா” என்று என்னைக் கட்டிக்கொண்டாள். பையிலிருந்து ஒரு பெரிய பொட்டலம் எடுத்து என் கையில் வைத்தாள். கறுப்புப் பாண். எனக்குப் பிடித்துப்போனதை நினைவு வைத்துப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

மேசையில் மூன்று தட்டுகள் வைத்திருந்தேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, உறைப்புக் குறைத்த கோழி, மீன் குழம்பு, பப்படம். இருவரையும் இருத்தி, கணவரும் இருக்க, மூவருக்கும் பரிமாறிவிட்டுச் சோற்றுக் கரண்டியோடு வழக்கம்போலப் பக்கத்தில் நின்றேன். வேண்டுமென்று நிற்கவில்லை; கால் தானாக அங்கேதான் நின்றது.

“சாப்பிடுங்கோ, சாப்பிடுங்கோ,” என்றார் அவர் ஆங்கிலத்தில்.

இருவரும் சிரித்தார்கள். கைகள் மடியில் இருந்தன.

ஏன் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்து இருந்திருந்தால் அந்தக் கணமே எல்லாம் முடிந்திருக்கும். இருக்கவில்லை. எனக்குள் ஒரு பிடிவாதம் எழும்பி நின்றது. இந்த மனிதர் கண்டுபிடிக்கட்டும் என்று நின்றேன்.

அவர் பாதி தூக்கிய கையைக் கீழே வைத்தார். “உறைப்புக்குப் பயப்பிடினமோ? தயிரைக் கொண்டு வாரும்,” என்றார். கொண்டுவந்தேன். நான் மேசைக்குக் கிட்ட வர வேர்ணர் நிமிர்ந்தார். நான் தயிரை வைத்துவிட்டுப் பின்னால் போக மறுபடி தளர்ந்தார். “கரண்டி வடிவாய் இல்லையோ? பெரிய கரண்டியை எடும்.” எடுத்தேன். “தண்ணி?” தண்ணீரும் வந்தது. அவர் ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து என்னைக் குசினிக்கு அனுப்பினார். அனுப்ப அனுப்ப அவர்கள் இன்னும் காத்திருந்தார்கள். வேர்ணர் கோழியை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டார்.

பிறகு என் கணவரின் முகம் தெளிந்தது. “செபம் சொல்லாமல் சாப்பிடமாட்டினம் போலை,” என்றார். எழும்பி, கண்ணை மூடி, ஒரு தேவாரத்தை முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை பாடினார். நல்ல குரல். இருவரும் மரியாதையாக எழுந்து நின்று கேட்டார்கள். முடிந்ததும் வேர்ணர் மெதுவாகக் கைதட்டினார். பிறகு இருந்தார்கள். கைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

அவர் என் பக்கம் சாய்ந்து, “என்னப்பா, எங்கடை சாப்பாடு பிடிக்கேல்லைப் போலை,” என்றார். படலைக்குப் பெயின்ட் அடித்து, கரண்டி வாங்கி, எத்தனை நாள் பட்ட பாடு. அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. போதும், இருந்துவிடுவோம் என்று அடியெடுத்து வைத்துவிட்டேன். அதற்குள் அவர் விருந்தாளிகள் பக்கம் திரும்பி, கூட்டங்களில் பேசுகிற ஆங்கிலத்தில், எங்களில் ஏதும் குறை இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், என்ன இல்லை என்று கேட்டார்.

இங்கிரிட்டுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“றஞ்சனா,” என்றாள்.

அவர் திரும்பினார். கரண்டியோடும் இடுப்பில் செருகிய சேலைத் தலைப்போடும் நின்ற என்னைப் பார்த்தார். மேசையில் இருந்த தட்டுகளைப் பார்த்தார். நாலாவது கதிரையில் அவருடைய பழைய பத்திரிகைகள் குவிந்திருந்தன. அவற்றை அள்ளி நிலத்தில் வைத்தார். பிறகு குசினிக்குள் போனார். அலுமாரி திறக்கும் சத்தமும் மூடும் சத்தமும் கேட்டன. பிறகு அதே அலுமாரி மறுபடி திறந்தது.

“றஞ்சனா,” என்று உள்ளே இருந்து கூப்பிட்டார். “உம்மடை கோப்பை எது?”

கோப்பை என்று எங்கள் ஊரில் சாப்பாட்டுத் தட்டைத்தான் சொல்வது. நான் எதில் சாப்பிடுகிறேன் என்று இத்தனை வருசத்தில் அவர் பார்த்ததே இல்லை.

“வாங்கிலை கவிட்டுக் கிடக்கு,” என்றேன். “சில்வர். விளிம்பு நெளிஞ்சது.”

அதைக் கொண்டுவந்தார். சட்டைப் பையிலிருந்த லேஞ்சியால் துடைத்து, ஐரினின் பூப்போட்ட பீங்கான்களுக்கு நடுவே வைத்தார். கதிரையை இழுத்துவிட்டார். நான் இருந்தேன்.

“குட்டன் அப்பெட்டிட்,” என்றாள் இங்கிரிட். வேர்ணர் சோற்றில் பாய்ந்தார் என்றே சொல்லவேண்டும். கரண்டியை விட்டுவிட்டுக் கையாலேயே சாப்பிட்டார், இரண்டு தரம் கோழி வாங்கினார். குழம்பு ஆறி எண்ணெய் மிதந்தது. ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. என் கணவர் மட்டும் மெதுவாகச் சாப்பிட்டார். இடைக்கிடை என்னுடைய நெளிந்த தட்டைப் பார்த்துக்கொண்டார்.

அவர்கள் போனபிறகு அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. விருந்தாளிக்கு முன்னால் யாரும் செய்வார்கள். மறுநாள் என்ன நடக்கும் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. மறுநாள் மத்தியானம் அவர் கண்டி டவுனுக்குத் தண்ணீர்ப் பம்புக்குச் சாமான் வாங்கப் போய், அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தார். பின்னேரம் விளக்குப் போட்டபிறகு, “அந்தக் கறுப்புப் பாணை வெட்டிப் பாப்பமோ?” என்று கேட்டார்.

முந்தின நாள் மீன் குழம்பைச் சூடாக்கினேன். தேங்காய்ச் சம்பல் அரைத்தேன். பாணை வெட்டி எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். அவர் வந்து இருந்தார். தண்ணீர் எடுக்க என்று நான் குசினிக்குத் திரும்பினேன். தண்ணீரை முதலே கொண்டுபோயிருக்கலாம். கொண்டுபோகவில்லை.

குசினியில் நின்று துருவலையைக் கழுவினேன். அடுப்பைத் துடைத்தேன். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தேன். அந்தப் பாணைக் கடித்தால் சத்தம் கேட்கும். காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். ஐரின் வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எந்த நேரமும் குழாய் திறக்கும் என்று நினைத்தேன். எட்டிப் பார்க்கப் பயமாக இருந்தது. சாப்பிட்டு முடித்திருந்தால் அந்த வெறுந்தட்டை நான் எப்படிப் பார்ப்பது. இந்த வயதில் இப்படி ஒரு பயம் வரும் என்று நான் நினைத்ததில்லை.

கடைசியில் தண்ணீர்ச் செம்போடு வெளியே வந்தேன்.

அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பாண் வைத்த மாதிரியே இருந்தது. குழம்பில் ஆவி அடங்கிவிட்டது. எதிர்ப்பக்கத்தில் என் சில்வர் தட்டு. அதை அவர்தான் எடுத்து வைத்திருக்கவேண்டும். அதில் ஒரு ஈ வந்து இருக்க, பத்திரிகையை மடித்து விசுக்கிக் கலைத்துக்கொண்டிருந்தார்.

“ஆறுது, வாரும்,” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் இருந்தேன். ஒரு துண்டுப் பாணை எடுத்துப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் கையை வைத்தார். முதல் கடியிலேயே, “இது பாணோ, செங்கல்லோ?” என்றார். நான் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்குச் சம்பல் உறைப்பு என்று சொன்னேன். அவரும் உறைப்புத்தான் என்று ஒத்துக்கொண்டார்.

என் தட்டு வெறுமையானது. அவர் மீன் சட்டிக்குள் கரண்டியை விட்டு ஒரு துண்டை அள்ளினார். யாருக்கும் பரிமாறிப் பழகாத கை. மேசை விரிப்பு முழுக்கக் குழம்பு சிந்தியது. கரண்டியை என் தட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் விடட்டோ?” என்று கேட்டார்.

வேண்டாம், காணும் என்று வாய் தானாகத் திறந்தது. எனக்கு இங்கிரிட்டின் பிளம்ஸ் கேக் குளிர்சாதனப் பெட்டிக்குள் போனது நினைவுக்கு வந்தது. இந்த மனிதருக்கும் இது முதல் தடவை. இரண்டாம் தரம் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தெரியுமோ என்னவோ.

“ஓம், விடுங்கோ,” என்றேன்.